ஒழுகாத பால்

"மூணு நாளைக்கு ஜோசியர் என்ன சொல்றாரோ அதை அப்படியே போட்டு அனுப்பிடுங்க. கை வைக்காதீங்க" என்றார் மேனேஜர்.

ஜோசியர் என்பது கடையின் பின்னறையில் இருக்கும் கம்ப்யூட்டர். அதற்குள் ஓடும் மென்பொருளுக்கு ஹெட் ஆபீஸ் வைத்த பெயர் வேறு. அது யார் வாயிலும் நுழையவில்லை. நாளைக்கு இந்தக் கிளையில் எத்தனை கிரேட் பால் போகும், எத்தனை அட்டை முட்டை போகும், தக்காளி எவ்வளவு போகும் என்று காலையில் அது ஒரு எண் சொல்லும். அதைப் பார்த்து, வேண்டுமானால் திருத்தி, பதினோரு மணிக்குள் குடோனுக்கு ஆர்டர் அனுப்ப வேண்டும். அது அவள் வேலை. கடையில் அவளுக்கு ஆர்டர் அக்கா என்று பெயர். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"யாரு சார் வர்றாங்க?"

"ஹெட் ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா. நாம எப்படி ஆர்டர் போடுறோம்னு பக்கத்துல உக்காந்து பார்ப்பாங்களாம். பயனாளர் ஆய்வுன்னு பேரு. நம்ம கிளையிலதான் திருத்தம் ஜாஸ்தியாம். நூறு வரியில நாப்பது வரியை நீங்க மாத்துறீங்களாம்."

"மாத்தலேன்னா பத்து மணிக்குக் கடையில பால் இருக்காது சார்."

"எனக்குத் தெரியும்மா. அவங்களுக்குத் தெரிய வேண்டாம். மூணு நாள் நல்ல பிள்ளையா இருந்து அனுப்பி வெச்சிடுவோம். அந்த அட்டையையும் கழட்டிடுங்க."

குளிர் அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் பெட்டியின் பக்க அட்டை தொங்கும். எது எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்று அவள் அதில் எழுதுவாள். பால் 9.10. முட்டை 11.40. கீரை மிச்சம். அவள் அதைக் கழற்றி இடது கையால் அலமாரிக்கு மேலே எறிந்தாள்.

அவள் மறுத்துப் பேசாததற்குக் காரணம் இருந்தது. பதினொரு வருஷம் அதே கடையின் பின்வாசலில் லாரியிலிருந்து சரக்கு இறக்கியவள். ஒரு நாள் வலது தோள்பட்டை கிரேட்டோடு சேர்ந்து இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு கை தோளுக்கு மேலே போகவில்லை. தலை பின்னக்கூட மகள்தான் வர வேண்டும். அப்போது ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தவர் வேறு வேலைக்குப் போனதால் அந்த நாற்காலி காலியாக இருந்தது. மூன்று வருஷமாக அதில் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது என்னவென்றால், அடுத்த மாதத்திலிருந்து யாரும் எண்ணை மாற்ற முடியாதபடி ஹெட் ஆபீஸில் பூட்டப் போகிறார்கள் என்று பேச்சு. பூட்டிவிட்டால் ஜோசியர் தானே சொல்லி, தானே அனுப்பிக்கொள்வார். அதற்கு ஒரு ஆள் எதற்கு? திரும்பவும் பின்வாசலுக்கு வா என்பார்கள். அந்தத் தோளை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தாங்காது.

வந்தவளுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். நல்ல செருப்பு. ஒரு தடி நோட்டு. பேசுகிற ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். சரக்கு இறக்கும் மொட்டை அரை மணி நேரத்தில் அவளுக்கு நோட்டு மேடம் என்று பெயர் வைத்துவிட்டான்.

"நாற்காலி கொண்டு வரட்டுமா மேடம்?" என்றான்.

"வேண்டாங்க, இதுவே போதும்" என்று அவள் ஒரு கிரேட்டைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்.

"அது மீன் கிரேட்டு மேடம்."

அவள் எழுந்து பின்னால் பார்த்தாள். மொட்டை வேறு கிரேட் எடுத்துக் கொடுத்தான். "சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன், அதுக்குள்ள உக்காந்துட்டீங்க."

முதல் நாள் ஒன்றுமே நடக்கவில்லை. ஆர்டர் அக்கா ஒவ்வொரு வரியாகச் 'சரி' அழுத்திக்கொண்டே போனாள். பால், நாற்பது கிரேட். சரி. முட்டை. சரி. கீரை, அறுபது கட்டு. அறுபது கட்டில் முப்பதுகூடப் போகாது என்று அவளுக்குத் தெரியும். சரி. வழக்கமாக ஒன்றரை மணி நேரம் ஆகும் வேலை இருபது நிமிஷத்தில் முடிந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள் நோட்டு மேடம்.

"அவ்வளவுதான்."

மறுநாள் நாற்பது கிரேட் பால்தான் வந்தது. போன வருஷம் பஸ் ஸ்டாப்பைக் கடைக்கு எதிரே மாற்றியதிலிருந்து ஐம்பது போகிற கடை அது. ஒன்பது மணிக்குப் பால் அலமாரி வெறும் கம்பியாக நின்றது. ஒரு கிழவர் உள்ளே வந்து கம்பியைப் பார்த்துவிட்டு, "கடையை மூடப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இன்னொரு பக்கம் கீரை கட்டுக்கட்டாக வாடிக்கொண்டிருந்தது. மொட்டை அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "தீர்த்தம் தெளிச்சாலும் எழுந்திருக்காது அக்கா" என்றான்.

அவள் திரையின் முன்னால் உட்கார்ந்தாள். பால் வரி வந்தது. நாற்பது. அவள் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு 'சரி' அழுத்தினாள்.

"நின்னீங்களே, எதுக்கு?" என்றாள் நோட்டு மேடம்.

"கை வலிக்குது."

"நேத்தும் அதே வரியிலதான் வலிச்சது."

ஆர்டர் அக்கா திரும்பிப் பார்த்தாள். நோட்டு மேடம் சிரிக்கவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்தாள்.

"போன வாரம் வரைக்கும் நூத்துக்கு நாப்பது திருத்தம். நேத்து ஒண்ணுமில்லை. இன்னிக்கும் ஒண்ணுமில்லை. நான் வந்து உக்காந்ததுல உங்க ஜோசியருக்கு ஞானம் வந்துடுச்சா?"

"ஜோசியர்னு யாரு சொன்னா?"

"மொட்டை அண்ணன்தான். முதல் நாளே சொல்லிட்டார்." பிறகு குரலைத் தணித்தாள். "இங்க பாருங்க. நான் யாரையும் பிடிச்சுக் குடுக்க வரலை. ஏன் மாத்துறாங்கன்னு பார்த்துட்டு வான்னு அனுப்பியிருக்காங்க. மாத்துறதைப் பார்க்காமப் போனேன்னா, 'மாத்தவே தேவையில்லை, தாராளமாப் பூட்டலாம்'னுதான் எழுத வேண்டியிருக்கும். எனக்கு எழுத வேற எதுவும் இல்லையே."

மேனேஜர் சொன்ன நல்ல பிள்ளை வேஷம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது ஆர்டர் அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் நாற்காலியைத் தானே தூக்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.

"எல்லாத்தையும் சொன்னா என் பேரு வருமா?"

"பேரு வராது. ஆனா பொய் சொல்ல மாட்டேன். நான் எந்தெந்தக் கிளைக்குப் போனேன்னு மேல தெரியும். யாருன்னு தேடணும்னு நினைச்சா அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சிடுவாங்க."

"நாளைக்குச் சொல்றேன்."

சாயங்காலம் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே புருஷனிடம் சொன்னாள். அவர் தரைக்கு ஓடு பதிக்கிறவர். முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா இரு. வர்றவங்க வருவாங்க, போறவங்க போவாங்க. வாயைக் குடுத்து எதுக்கு மாட்டிக்கிறே?"

"சும்மா இருந்தா பூட்டுறாங்க. பூட்டினா நாற்காலி போச்சு."

"சொன்னா?"

"சொன்னா, நான் பண்ணினதும் தெரிஞ்சு போகும். அப்பவும் போச்சு."

"நீ அப்படி என்ன பண்ணிட்டே?"

சொன்னாள். எண்ணை நூற்றுக்குப் பத்துக்கு மேல் மாற்றவிடாமல் போன வருஷமே ஒரு வரம்பு வைத்துவிட்டார்கள். நாற்பதை நாற்பத்திநாலாக்கலாம், அதற்கு மேல் போட்டால் திரை சிவக்கும். கடைக்கு வேண்டியது ஐம்பது. அதனால் அவள் 'சேதம்' என்ற பக்கத்தைத் திறந்து, ஆறு கிரேட் பால் ஒழுகிவிட்டது என்று எழுதுவாள். ஜோசியர் ஐயோ பாவம் என்று ஆறு கிரேட்டைச் சேர்த்து அனுப்புவார். மறுநாள் காலையில், எண்ணிப் பார்த்ததில் ஆறு கூடுதல் என்று எழுதிக் கணக்கை நேர் செய்துவிடுவாள். ஒரு சொட்டுப் பாலும் ஒழுகவில்லை. ஒரு வருஷமாகத் தினமும் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். "திருட்டு மாதிரின்னா இருக்கு."

"வெளியில இருந்து பார்த்தா அப்படித்தான் இருக்கும்."

"நீயாவா கண்டுபிடிச்சே?"

"இல்லை. பயிற்சிக்குப் போயிருந்தப்போ சாப்பாட்டு மேசையில ஒருத்தி சொன்னா. பாதிப் பேரு சிரிச்சாங்க. சிரிச்ச அத்தனை பேரும் பண்ணுறவங்கதான்."

"அப்போ நீ ஒருத்தி மட்டும் எதுக்குத் தனியாப் போய் நிக்கணும்?" என்று சொல்லிவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

மூன்றாம் நாள் காலையில் அலமாரிக்கு மேலிருந்த அட்டையை மொட்டையை எடுக்கச் சொல்லி நோட்டு மேடத்தின் கையில் கொடுத்தாள். பிறகு சேதப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். எதையும் மறைக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள், நடுவில் ஒரு பெண்மணி முட்டை விலை கேட்டு எட்டிப் பார்த்தபோது அதற்கும் பதில் சொன்னாள்.

"ஒன்பது மணிக்குத் தீர்ந்துபோனா, மிச்ச நாள் பூரா யாரும் பால் கேக்கலைன்னு இவரு எழுதிக்கிறாரு. கேட்டவங்க திரும்பிப் போனது இவருக்குத் தெரியாது. ஒருத்தனுக்கு அரை வயிறு சோறு போட்டுட்டு, இவன் இவ்வளவுதான் சாப்பிடுவான்னு முடிவு பண்ணுற ஆளு."

நோட்டு மேடம் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

"எழுதுறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க" என்றாள் ஆர்டர் அக்கா. "மத்த கிளையிலயும் பால் சேதத்தைப் பாருங்க. இன்னிக்கு ஒழுகி, மறுநாள் காலையில திரும்பி வர்ற பாலைத் தேடுங்க. எங்க கிளை மட்டும்னா என் தலையெழுத்து. இல்லேன்னா எல்லாருக்கும் சேர்த்து எழுதுங்க."

நோட்டு மேடம் தன் லேப்டாப்பைத் திறந்தாள். ஹெட் ஆபீஸில் யாருக்கோ போன் செய்தாள். அரை மணி நேரத்தில் ஒரு பட்டியல் வந்தது. முப்பத்தியொரு கிளைகளில் பத்தொன்பது கிளைகளில் பால் ஒழுகியது. பத்தொன்பதிலும் மறுநாள் காலையில் திரும்பி வந்தது.

"இதைப் பாருங்க, ஒரு கிளையில தினம் பதினாலு கிரேட்."

மொட்டை எட்டிப் பார்த்தான். "அங்க நடந்து போக முடியாது மேடம், நீந்தித்தான் போகணும்."

மூவரும் சிரித்தார்கள். ஆனால் நோட்டு மேடம் சீக்கிரமே சிரிப்பை நிறுத்திவிட்டாள். பட்டியலில் மேலும் கீழும் போய்ப் பார்த்தாள். இந்தக் கிளையின் பால் வரியைத் திறந்தாள் — அதில் தேதிவாரியாக ஒரு நிரல் முழுக்கச் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

"அக்கா" என்றாள். அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "இந்தச் சாம்பல் நாளெல்லாம் என்னன்னு தெரியுமா?"

"லீவு நாளா?"

"இல்லை. ஜோசியர் தூக்கிப் போட்ட நாள். கையில நாப்பத்திநாலு கிரேட்டுதான் இருக்குன்னு நீங்க எழுதியிருக்கீங்க. ஆனா பில்லுல அம்பது வித்திருக்கு. இல்லாத பாலை எப்படி விக்க முடியும்? அதனால இந்த நாளை நம்ப முடியாதுன்னு ஒதுக்கிடுது. அன்னிக்கு வித்ததுல இருந்து எதுவுமே கத்துக்கிறது இல்லை." விரலால் நிரலை மேலே தள்ளிக்கொண்டே போனாள். சாம்பல் முடியவே இல்லை. "பாலைப் பொறுத்தவரைக்கும் அது இன்னும் போன வருஷத்துலயே நிக்குது. பஸ் ஸ்டாப் வந்ததே அதுக்குத் தெரியாது."

ஆர்டர் அக்கா திரையைப் பார்த்தபடி இருந்தாள். ஒரு வருஷமாக அதை முட்டாள் என்று திட்டியிருக்கிறாள். மொட்டையோடு சேர்ந்து கேலி செய்திருக்கிறாள். அதன் கண்ணில் தினமும் மண்ணை அள்ளிப் போட்டது அவள் கை. அது தப்பாகச் சொன்னதால் இவள் பொய் எழுதினாள். இவள் பொய் எழுதியதால் அது மேலும் தப்பாகச் சொன்னது. பத்தொன்பது கிளையில் பத்தொன்பது பேர் இதையே செய்திருக்கிறார்கள். இதைப் பார்த்துத்தான் மேலே இருப்பவர்கள், இவர்கள் சும்மா சும்மா எண்ணை மாற்றுகிறார்கள், பூட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"அப்போ தப்பு என்னுதா?"

"வரம்பு வெச்சது நீங்க இல்லையே. ஆனா ஒழுகல் எழுதினது நீங்கதான். ரெண்டையும் எழுதத்தான் போறேன்."

"எழுதுங்க" என்றாள்.

பின்னால் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. முகம் வெளிறியிருந்தது.

"அந்தச் சேதப் பட்டியல்ல தினமும் நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். தெரியும்ல?"

"தெரியும் சார். படிச்சுப் பார்த்துட்டுத்தானே போட்டீங்க?"

"படிச்சிருந்தா போட்டிருப்பேனா?"

நோட்டு மேடம் அதை மட்டும் எழுதவில்லை. மேனேஜர் ஒரு கவிழ்ந்த கிரேட்டைப் பார்த்து உட்கார்ந்தார். அது மீன் கிரேட்டா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை.

ஆறு வாரம் ஒரு தகவலும் இல்லை. அந்த ஆறு வாரமும் அவள் ஒழுகல் எழுதவில்லை. நாற்பத்திநாலு போட்டாள், பத்து மணிக்கு முன்பே பால் தீர்ந்தது, வந்தவர்கள் முனகினார்கள். ஒவ்வொரு நாளும் விரல் சேதப் பக்கத்தின் பக்கமாகப் போய்த் திரும்பியது. மேனேஜர் அவளோடு தேவைக்கு மட்டும் பேசினார். பூட்டுவார்களா மாட்டார்களா என்று மொட்டை தினமும் காலையில் கேட்டான். அவளுக்கும் தெரியாது.

பிறகு ஒரே நாளில் இரண்டு வந்தன. ஒன்று கடிதம். பொய்யாகச் சேதம் எழுதியதற்காகப் பத்தொன்பது பேருக்கும் எச்சரிக்கை. இன்னொரு தடவை எழுதினால் அந்த வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதில் அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சேதப் பட்டியலில் கையெழுத்துப் போட்ட மேனேஜர்களுக்கும் தனியாக ஒன்று வந்தது. மத்தியானம் வேறு கிளையிலிருந்து ஒருத்தி போன் செய்தாள். பயிற்சியில் சாப்பாட்டு மேசையில் சொன்னவள்.

"நல்லா இருந்த பொழப்புல மண்ணைப் போட்டியேடி. உன் வாயில என்ன, தாழ்ப்பாளே கிடையாதா?"

ஆர்டர் அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். "சாம்பல் நாளைப் பார்த்தியா?" என்று ஆரம்பித்தாள். அதற்குள் அந்தக் கிளைக்காரி போனை வைத்துவிட்டாள்.

இரண்டாவதாக வந்தது புதுத் திரை. பூட்டவில்லை. வரம்பைப் பத்திலிருந்து முப்பதாக்கியிருந்தார்கள். மாற்றினால் காரணம் எழுத வேண்டும். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம்: எத்தனை மணிக்குத் தீர்ந்தது? பால் சேதம் எழுதினால் போட்டோ வைக்க வேண்டும். காரணத்தை யார் எழுதுவது, மணியை யார் பார்ப்பது என்று கீழே ஒரு வரி இருந்தது: ஒவ்வொரு கிளையிலும் இதற்கென ஒருவர். மேனேஜர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். இந்தத் தடவை நிஜமாகவே படித்தார்.

அவள் 9.20 என்று போட்டாள். மறுநாளுக்கு ஜோசியர் நாற்பத்திமூன்று சொன்னார். அடுத்த நாளுக்கு நாற்பத்தியாறு. அவள் ஐம்பதாக்கி, 'எதிரே பஸ் ஸ்டாப்' என்று காரணம் எழுதினாள். கீரையை முப்பதுக்கு இறக்கத் திரை சம்மதிக்கவில்லை. நாற்பத்திரண்டில் பிடிவாதமாக நின்றது. அதைப் பற்றி நோட்டு மேடத்துக்குப் போன் செய்து அரை மணி நேரம் குறை சொன்னாள். முட்டை பதினொன்றரைக்குத்தான் தீரும், கட்டமோ பதினோரு மணிக்கே மூடிவிடுகிறது, இதை யார் செய்தது என்று கேட்டாள். நோட்டு மேடம் மறுமுனையில் எழுதிக்கொண்டிருப்பது கேட்டது.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் மொட்டை காய்ச்சலில் வரவில்லை. லாரி பின்வாசலில் நின்று ஹாரன் அடித்தது. மேனேஜர் பின்னறைக்கு வந்தார். கதவோரமாக நின்று அவளைப் பார்த்தார். அவர் என்ன கேட்க வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆர்டர் இன்னும் முடியலை சார். பதினோரு மணிக்குள்ள போகணும்."

மணி பத்தே கால். மேனேஜர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை ஓரத்தில் வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பின்வாசலுக்குப் போனார்.

"முழங்காலை மடக்கித் தூக்குங்க சார்" என்றாள் அவள். "முதுகால தூக்காதீங்க."